மாடிப்படி ஏறும் நீல வயர்

என் புஷ்பத்துக்கு,

பயப்படாதே, சத்தம் போட மாட்டேன். இன்றைக்கு மெதுவாகத்தான் பேசப் போகிறேன்.

மாடியில் உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் மேல் நீ போட்ட பூத்துணி அப்படியே கிடக்கிறது. வெளியே மழை வரப் பார்க்கிறது. கிள்ளானில் மத்தியானமானால் வேறென்ன வரும்? கொடியில் துணி இல்லை. எனக்கு ஒருத்தனுக்கு எவ்வளவு துணி சேரும் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வருகிறான், உன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போக. "ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா இந்தப் பெட்டிக்குத் தேதியே தெரியாதுப்பா. உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டு புதுசா ஏத்திடுறேன், பாப்பா விளையாடட்டும்" என்றான். சரிடா என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மூன்று நாளாக இந்தப் படியை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன். ஏன் என்று உன் பிள்ளைக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளி டீச்சர் நீ. வாசலில் நின்று செல்வத்தை ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மூன்று வீடு தள்ளி இருக்கிற சீன ஆன்டியும் சேர்ந்து எட்டிப் பார்ப்பாள். நான் கத்துகிற ஜாதி. நீ கத்தாமலே கேட்க வைப்பாய். அந்தக் குரலைத்தான் தொண்டை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டையோடு வீட்டுக்கு வந்தாய், இனிமேல் அது வழியாகத்தான் மூச்சு என்றார்கள். தூசி ஆகாது, சளி அடைத்தால் உடனே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள், புஷ்பம்.

கீழே ஹால் முழுக்க என் கல்யாண கார்டு வேலை. துறைமுக ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்க முடியாமல் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை அது. அட்டை வெட்டுகிற தூசி, பசை வாடை, எழுத்தின் மேல் தூவுகிற தங்கப்பொடி. விசிறி போட்டால் பொடி பறந்து சாமி படத்தில் எல்லாம் ஒட்டியிருக்கும். அதனால் நீ மாடியில், நான் கீழே என்று ஆனது. இந்த வேலையை விட்டுத் தொலைத்திருந்தால் என்ன? அப்போது ஏன் எனக்கு அது தோன்றவில்லை?

கூப்பிடுவதற்கு என்று மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு பித்தளை மணி வாங்கி வந்தேன், நினைவிருக்கிறதா? நீ அதைத் தொடக்கூட இல்லை. நோட்டில் எழுதிக் காட்டினாய்: "மணி அடிச்சா வர நீங்க என்ன ஸ்கூல் பியூனா?" மணி சாமி மேடைக்குப் போனது. நானும் விட்டுவிட்டேன். உன்னோடு வாதாடி நான் எந்தக் காலத்தில் ஜெயித்தேன்?

அப்புறம்தான் செல்வம் அந்த நீல வயரைக் கொண்டு வந்தான். உன் கம்ப்யூட்டரிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடியோடு கட்டிக் கீழே இறக்கி, என் கம்ப்யூட்டரில் மாட்டினான். "அம்மா மேலருந்து தட்டினா அப்பா பிரிண்டர்ல அடிக்கும். ஒரே பிரிண்டர், ரெண்டு பேருக்கும். ஃபைலும் அப்படித்தான். அம்மா ஃபோல்டரை அப்பா கீழ இருந்தே திறக்கலாம்" என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினான். டீச்சர் நீ, பள்ளிப்பிள்ளை மாதிரி கை கட்டிக் கேட்டாய்.

இரண்டு பெட்டிக்கும் பெயர் வைக்க வேண்டும் என்றான். பெயரை வைத்துத்தான் ஒன்றையொன்று தேடுமாம். உன்னுடையதற்குப் புஷ்பம் என்று நான் தட்டினேன். என்னுடையதற்கு என் பெயரைத் தட்டச் சொல்லி உன்னை உட்கார வைத்தான். நீ கையை மடியில் வைத்துக்கொண்டாய். கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை நீ சொன்னதில்லை. ஆஸ்பத்திரி பாரத்தில்கூடப் புருஷன் பெயர் என்று வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவாய். "ஐயோ அம்மா, இது கம்ப்யூட்டர் பேரும்மா, அப்பா பேரு இல்ல லா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் உன் பிள்ளை. நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'என்னங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாய். செல்வம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்றிலிருந்து உன் திரையில் என் கம்ப்யூட்டரின் பெயர் அதுதான்.

பேச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது அந்த நாட்கள். கீழே பிரிண்டர் கர்ர் என்று இழுக்கும், ஒரு தாள் வந்து விழும். "என்னங்க, மழை வருது, துணி." "என்னங்க, ரேடியோவைக் குறைங்க." "என்னங்க, நீங்க பாடுறது மேல வரைக்கும் கேக்குது, வேணாம்." எல்லாமே என்னங்க என்றுதான் ஆரம்பிக்கும். நான் படிக்கட்டில் நின்று கத்திப் பதில் சொல்வேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு முழுத் தாளா என்று திட்டுவேன். அதற்கும் இன்னொரு தாள் வரும்: "என்னங்க, சிக்கனமா வாழ்ந்தது போதும்."

கார்டு வாசகம் எல்லாம் நீதான் தட்டி உன் ஃபோல்டரில் வைப்பாய், நான் கீழே திறந்து அடிப்பேன். ஒரு தடவை நான் பெரிய புத்திசாலி என்று மணமகள் பெயரில் கை வைத்து, தப்பான பெயரோடு மொத்தக் கார்டும் அடித்து வைத்தேனே. மறுநாள் பார்த்தால், உன் ஃபோல்டரை நான் படிக்கலாம், ஓர் எழுத்துகூட மாற்ற முடியாது என்று பூட்டு போட்டிருந்தாய். பாஸ்வேர்டு கேட்டேன். பிரிண்டர்தான் பதில் சொன்னது: "என்னங்க, திருத்தம்னா மேல வந்து கேளுங்க."

எல்லாக் கோளாறும் அந்தத் தங்கக் கரை கார்டில்தான் ஆரம்பித்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டு ஆர்டர், பிரிண்டர் தட்டில் அட்டை போட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நீ தட்டியது அதே அட்டையில் விழுந்து, நான் பார்க்காமல் கட்டோடு கட்டிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் போன் போடுகிறான்: "அங்கிள், ஒரு கார்டைப் பிரிச்சா, என்னங்க, மழை வருது, துணின்னு போட்டிருக்கு லா. எங்க பெரியம்மா வீட்டுக்குப் போன கார்டு அங்கிள்!"

மாடி ஏறி வந்து உன்னிடம் கத்தினேன். நீ சிரித்தாய். சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. எனக்கு இன்னும் கோபம் வந்தது. "இனிமே கார்டு ஓடுறப்ப வயரைப் பிடுங்கிடுவேன். முடிஞ்சதும் மாட்டுவேன்!" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். செல்வத்திடம் கேட்டதற்கு, "பரவால்லப்பா, அம்மா அடிச்சது எங்கயும் போகாது. அம்மா கம்ப்யூட்டர்லயே வரிசையா நிக்கும். வயரை மாட்டினதும் அடிக்கவான்னு கேக்கும்" என்றான். அப்படியே பழகிவிட்டது. "கார்டு ஓடுது!" என்று கீழேயிருந்து கத்துவேன், வயரைப் பிடுங்குவேன். நீ காத்திருப்பாய்.

அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் ஒருத்தர், மகள் கல்யாணம். சாயங்காலத்துக்குள் கார்டு வேண்டும் என்றிருந்தார். உனக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஒன்றரை மணிக்குக் கீழே வந்தேன். கார்டு ஓடுது என்று கத்தினேன். வயரைப் பிடுங்கினேன். அட்டை இரண்டு தடவை சிக்கியது, எனக்குக் கடுப்பு. மூன்று மணிக்கு வேலை முடிந்தது.

முடிந்தது, புஷ்பம். வயரின் முனை மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. குனிய வேண்டும். இடுப்பு வலி. கார்டைக் கட்டிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இடுப்பு வலி! அந்த இடுப்பை வைத்துக்கொண்டு இன்னும் நடமாடுகிறேன் பார்.

மூன்றே காலுக்கு அவர் வந்துவிட்டார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அண்ணே, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றார். யாராவது புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது, உனக்குத் தெரியாததா? டீ போட்டேன். கல்யாண மண்டபம், ஹைவே ஜாம், அவர் சம்பந்தி செய்கிற அழிச்சாட்டியம் என்று பேச்சு நீண்டது. "டீச்சர் எங்கண்ணே?" என்று கேட்டார். "மேல இருக்கா. எதாச்சும் வேணும்னா பிரிண்டர்லயே கூப்பிடுவா" என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேரும் பிரிண்டரைப் பார்த்தோம். அது சும்மா இருந்தது. "இப்ப ஒண்ணும் வேணாம் போல" என்று நான் சிரித்தேன்.

நாலரைக்கு அவர் கிளம்பிய பிறகு சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். நீ நாற்காலியில் மேசைப் பக்கமாகச் சாய்ந்திருந்தாய். கை கீபோர்டின் மேல் இருந்தது. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ இல்லை. சளி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். "யாராச்சும் பக்கத்துல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். செல்வம் என் பக்கம் திரும்பி, "அம்மா எதுவும் அடிக்கலியாப்பா?" என்று கேட்டான். "இல்லடா, எதுவுமே வரல" என்றேன். வரவில்லைதான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இவ்வளவு உண்மையாக நான் பொய் சொன்னதே இல்லை.

உன் சேலையை எடுக்க என்று அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? நேராக மேசைக்குப் பின்னால் குனிந்து வயரை மாட்டினேன். அப்போது இடுப்பு வளைந்தது. அப்புறம் மேலே வந்தேன். உன் திரையில் ஒரு பெட்டி நின்றுகொண்டு, காத்திருப்பவற்றை இப்போது அச்சடிக்கலாமா என்று கேட்டது. நான் மின்சாரத்தையே அணைத்துவிட்டேன். இதைச் செய்த பிறகுதான் அலமாரியைத் திறந்து உன் சேலையை எடுத்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று இப்போது உனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு, மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே பெட்டி, அதே கேள்வி. வேண்டாம் என்று அழுத்தினேன். வரிசையை மட்டும் திறந்தேன். அதில் விஷயம் தெரியாது, நீ அனுப்பிய நேரம்தான் தெரியும். ஐந்து இருந்தன. ஒன்று ஐம்பது. இரண்டு இருபது. இரண்டு முப்பத்தைந்து. இரண்டு நாற்பது. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் இல்லாமல், மூன்று முப்பத்தைந்து.

மூன்று முப்பத்தைந்துக்கு நான் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதமாக இந்த நேரங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கார்டு வேலையை அன்றோடு விட்டேன். பிரிண்டரை யாரும் தொடவில்லை, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆர்டரில் மிஞ்சிய தங்கக் கரை அட்டை இன்னும் அதன் தட்டில்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை உன் கம்ப்யூட்டரைப் போடுவேன். அது கேட்கும். வேண்டாம் என்பேன். வேறு யாராவது இப்படிப் பொறுமையாகக் கேட்டிருந்தால் அடித்தே இருப்பேன்.

கேட்கட்டுமா ஒன்று? நீ ஏன் படியிறங்கி வரவில்லை? தரையைத் தட்டியிருக்கலாமே? தட்டினாயா? பிரிண்டர் சத்தத்திலும் என் பேச்சிலும் எனக்குத்தான் கேட்கவில்லையா? மணியைச் சாமி மேடையில் வைக்காமல் உன் கையில் திணித்திருந்தால் அடித்திருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை வரை நான் சும்மா இருந்தால் போதும். செல்வம் வருவான், பெட்டியைத் தூக்குவான், உள்ளே இருப்பதை எல்லாம் அழிப்பான். அம்மா கூப்பிட்டாள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. "அப்பா அம்மாவை நல்லா பாத்துக்கிட்டாரு" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். போன வாரம்கூடச் சொன்னான். பக்கத்தில் நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுத எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இரு. கீழே போய் என் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் போட்டுவிட்டு வந்தேன். இதோ, பூத்துணியை எடுத்துவிட்டேன். போட்டுவிட்டேன். கேட்கிறது. அழுத்திவிட்டேன், புஷ்பம். சரி என்று அழுத்திவிட்டேன்.

கீழே கர்ர் என்கிறது. ஏழு மாதம் கழித்து நீ கூப்பிடுகிற சத்தம். போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வர நேரமாகிவிட்டது.

ஐந்தும் தங்கக் கரை அட்டையில்தான் விழுந்திருக்கின்றன. கெட்டுப்போகட்டும். முதல் அட்டையில், "என்னங்க, சுடுதண்ணி தீந்துபோச்சு, அவசரமில்ல." அடுத்ததில், "என்னங்க, சளி அடைக்கிற மாதிரி இருக்கு, வாங்க." மூன்றாவது, "என்னங்க, வாங்க." நாலாவது, வெறும் "என்னங்க." நடுவில் அந்த ஒரு வார்த்தை மட்டும்.

ஐந்தாவதைத் திட்டு என்று நினைத்து எடுத்தேன். நீ என்னைத் திட்டியிருக்கக்கூடாதா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "என்னங்க, கார்டு இன்னும் முடியல போல. பரவால்ல, நடுவுல விட்டா கார்டு கெட்டுடும். முடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று எழுதியிருக்கிறாய்.

திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். படிக்க மட்டும்தான் முடிகிறது.

மழை வந்துவிட்டது. ஒரு வாக்கு கொடுக்கிறேன், என் வாக்கின் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். ஞாயிற்றுக்கிழமை செல்வம் உன் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னால், இந்த ஐந்து அட்டையையும் அவன் கையில் கொடுப்பேன். வயரைப் பிடுங்கியது யார், திரும்ப மாட்டாமல் டீ குடித்தது யார், ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து மாட்டியது யார் என்று எல்லாம் சொல்வேன். அவன் கத்தினால் திருப்பிக் கத்த மாட்டேன். இனி இந்த வாசலை மிதிக்காமல் போனாலும் போவான். மன்னிப்பான் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, நீ அங்கிருந்து அவனிடம் எனக்காகப் பேசவும் வேண்டாம்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கடைசிவரை தப்பாகவே நினைத்துக்கொண்டு போய்விட்டாய். கார்டு மூன்று மணிக்கே முடிந்துவிட்டது, புஷ்பம்.

நீ கூப்பிட்டு வராத,
உன் என்னங்க